முதலில் பஸ் காசு, அப்புறம் பதக்கம்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும், அரசியல் அறிவியல் துறைத் தலைவர்களுக்கும், பரிசுகளுக்காக அறக்கட்டளை வைத்திருக்கும், இனி வைக்கப்போகும் பழைய மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

தென்மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் பதினாறு வருடமாக அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் மேசை டிராயரில் 192 பக்க நீள நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டையில் டீக் கறை. 2022 ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, 2023 ஜனவரி 26 ஆகிய மூன்று நாளும், நாளுக்கு ஒன்றாக மூன்று ஊராட்சிகளின் கிராம சபையில் உட்கார்ந்து என் எம்.ஏ. மாணவி ஒருத்தி எழுதிய நோட்டு அது. மூன்று ஊராட்சிகளிலும் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. யார் எழுந்து பேசினார்கள், எத்தனை நிமிடம் பேசினார்கள், யார் பதில் சொன்னார்கள், தலைவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கட்டம் கட்டிக் குறித்திருக்கிறாள்.

இரண்டாவது ஊராட்சியின் பக்கத்தில் இப்படி ஒரு வரி: “தலைவர் பேசியது 2 முறை. முதலில் வணக்கம். கடைசியில் நன்றி.” அதற்குக் கீழே சின்னதாகப் படம் வரைந்திருக்கிறாள். ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான்கு நாற்காலிகள், வலது பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலுக்கு அம்புக்குறி போட்டு ‘தலைவர்’ என்று எழுதியிருக்கிறாள். நாற்காலிகளில் ஊராட்சி செயலர், துணைத் தலைவர், யூனியன் ஆபீஸிலிருந்து வந்த பற்றாளர், தலைவரின் கணவர்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் என்ற நான்கு ஊர்ப் பெயர்களை நம் துறையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கான தனி ஊராட்சிகளாக அறிவிக்கப்பட்டதை மற்ற சாதியினர் எதிர்த்ததால் 1996 முதல் பத்து வருடம் அங்கே தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. 2006-ல்தான் நடந்தது. தேர்தல் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அன்று பதில் கிடைத்துவிட்டது. தேர்தல் நடந்து, தலைவர் வந்து, சட்டம் சொன்னதெல்லாம் நிறைவேறிய பிறகு அந்தத் தலைவர் எங்கே உட்காருகிறார் என்பது அடுத்த கேள்வி. அதைத்தான் இந்த மாணவி கேட்டாள். யாரும் கொடுத்த தலைப்பு இல்லை. அவளுடைய சித்தி ஒருவர் வார்டு உறுப்பினராக இருந்தவர். வீட்டில் கேட்ட பேச்சிலிருந்து பிறந்த கேள்வி.

அவளுடைய முதல் திட்டத்தில் எட்டு ஊராட்சிகள் இருந்தன. கிராம சபையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே புரியும். மாநிலத்திலுள்ள பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் ஊராட்சிகளுக்கும் கூட்டம் ஒரே நாளில்தான். ஒரு ஆள் ஒரு நாளில் ஒரு ஊரில்தான் உட்கார முடியும். அதனால் வகுப்புத் தோழிகள் மூன்று பேருக்கு எப்படிக் குறிப்பெடுப்பது என்று சொல்லிக்கொடுத்து, ஆளுக்கு ஒரு ஊருக்கு அனுப்புவதாகத் திட்டம். அப்புறம் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்துக்கும் போய், அதே கூட்டத்துக்குத் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிடுவது. கூட்டத்தில் பேசியது ஒன்று, புத்தகத்தில் ஏறியது வேறு என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. திட்டத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒரு முறையியல் தானாக வருகிறதென்றால், வாத்தியாருக்கு வேறென்ன வேண்டும்?

எட்டு மூன்றானதற்குக் காரணம் பணம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸில்தான். அவள் போக வேண்டிய ஊர்களில் பாதிக்கு மொபசல் பஸ்ஸில் போய் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். தோழிகளுக்கும் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுக்காமல் “போய் வாருங்கள்” என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தீர்மான நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்னத் தொகை. சனி, ஞாயிறு ஜவுளிக்கடையில் நின்று சம்பாதிப்பவளுக்கு அவை சின்னத் தொகை இல்லை. விடுமுறை நாளில்தான் கடைக்கு ஆள் தேவை, கிராம சபையும் பெரும்பாலும் விடுமுறை நாளில்தான் நடக்கிறது. ஒரு கிராம சபைக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. கடைசியில் அவள் ஒருத்தியாக மூன்று ஊர்களுக்குப் போனாள். நோட்டின் பின்அட்டையில் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள். பயணம், ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் எல்லாம் சேர்த்து 3,840 ரூபாய்.

எட்டு ஊர்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாத ஆய்வேடாக அது முடிந்தது. புறத்தேர்வாளர் “மாதிரி அளவு போதாது” என்று எழுதினார். அவர் எழுதியது சரிதான்.

அந்த வருடம் எங்கள் பாடத்துக்கான தங்கப்பதக்கம் வேறொரு கல்லூரி மாணவருக்குப் போனது. நன்றாகப் படித்தவர், தகுதியானவர். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்தின் பரிசுப் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். மொத்த மதிப்பெண்ணில் முதலிடம், குறிப்பிட்ட தாளில் முதலிடம், மாணவிகளில் முதலிடம், முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றவர்களில் முதலிடம். எல்லாமே மதிப்பெண். நல்ல கேள்வி கேட்டவருக்கு என்று ஒரு வரி இல்லை. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பட்டியலில் இருந்த எல்லாப் பரிசும் எல்லாம் முடிந்த பிறகு பட்டமளிப்பு விழா மேடையில் கிடைப்பது. வேலை தொடங்குகிற நேரத்தில் கையில் கிடைப்பது ஒன்றுகூட இல்லை.

இந்த மடலில் நான் கேட்பதும் அதைத்தான். அரசியல் அறிவியல் மாணவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, அவர்கள் ஆய்வைத் தொடங்கும்போதே கொடுங்கள்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை. நான் எம்.ஏ. முடித்தபோது இந்திய அரசமைப்புத் தாளில் முதல் மதிப்பெண் எடுத்ததற்காக எனக்கு ஒரு அறக்கட்டளைப் பரிசு அறிவித்தார்கள். சான்றிதழில் ‘ரூபாய் 300 ரொக்கப் பரிசு’ என்று அச்சடித்திருந்தது. சான்றிதழ் வந்தது, பணம் வரவில்லை. மூன்று தடவை நேரில் போனேன். முதல் தடவை அறக்கட்டளைப் பிரிவு அலுவலர் லீவு. இரண்டாவது தடவை, தணிக்கை ஆட்சேபணை இருக்கிறது, செக் போட முடியாது என்றார்கள். மூன்றாவது தடவை போனபோது அந்தப் பிரிவையே வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பஸ்ஸுக்குச் செலவழித்தது பரிசைத் தாண்டிவிட்டதால் நான்காவது தடவை போகவில்லை. அந்த அறக்கட்டளையை வைத்தவர் ஒரு தலைமையாசிரியர், தன் அப்பாவின் நினைவாக வைத்தார் என்று சான்றிதழில் போட்டிருந்தது. எனக்குப் பணம் கிடைக்காததைவிட, அந்தத் தலைமையாசிரியரின் ஆசை ஏதோ ஒரு கோப்பில் கிடப்பது அன்று அதிகம் வலித்தது. இன்றும் வலிக்கிறது.

அவர் காலத்தில் 5,000 ரூபாய் என்பது பெரிய தொகை. பல மாதச் சம்பளமாக இருந்திருக்கும். வங்கியில் போட்டால் ஆறு சதவீத வட்டிக்கு வருடம் 300 ரூபாய். அன்றைக்கு அந்த 300 ரூபாயில் ஒரு மாணவர் ஒரு வருடத்துக்குரிய புத்தகங்களை வாங்கியிருக்கலாம். வைப்புத் தொகை அப்படியே நிற்கிறது, விலைவாசி நிற்கவில்லை. இப்படி அச்சு அசையாமல் நிற்கும் சிறு அறக்கட்டளைகள் எத்தனை, ஒவ்வொன்றின் முதல் எவ்வளவு, போன வருட வட்டி எவ்வளவு, அது யாருக்குப் போனது? ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இதை ஒரே பக்கத்தில் பொதுவில் போட வேண்டும். கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள். பலர் தொகையை உயர்த்தித்தர முன்வருவார்கள் என்று நம்புகிறேன். நம் ஊரில் தாத்தா பெயரில் வைத்த அறம் தேய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்கள் குறைவு.

பல சிறு அறக்கட்டளைகளை ஒரே நிதியாகச் சேர்த்து, கொடையாளர்களின் பெயர்கள் அனைத்தையும் சான்றிதழில் போட்டு, ஒரு உருப்படியான தொகையாகக் கொடுக்கலாம். பத்திரத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று பார்த்து, கொடையாளர் குடும்பத்திடம் ஒப்புதல் வாங்கி, ஆட்சிக்குழுவில் தீர்மானம் போட வேண்டும். வேலைதான், ஆனால் முடியாத வேலை இல்லை.

ஒரு அறக்கட்டளை எவ்வளவு காலம் உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு ஸ்வீடனில் ஒரு உதாரணம் இருக்கிறது. உப்சாலா பல்கலைக்கழகத்தில் 1622-ல் யோஹான் ஷ்யூட்டே என்பவர் நாவன்மைக்கும் அரசியலுக்கும் ஒரு பேராசிரியர் பதவியை நிறுவினார். நானூறு வருடம் கழித்தும் அந்தப் பதவி இருக்கிறது. 1995-லிருந்து அவர் பெயரில் அரசியல் அறிவியலுக்கு ஒரு பரிசும் கொடுக்கிறார்கள், 5 லட்சம் ஸ்வீடிஷ் குரோனா. நம் துறையின் நோபல் என்று சொல்லுமளவுக்கு அதற்கு மதிப்பு வந்துவிட்டது. முதல் வருடம் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் வாங்கினார். 1999-ல் வாங்கியவர் எலினார் ஆஸ்ட்ரம். பத்து வருடம் கழித்து, 2009-ல், பொருளாதார நோபலும் அவருக்கு வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். பட்டம் வாங்கியதோ அரசியல் அறிவியலில்.

அவர் எங்கே தொடங்கினார் என்பதுதான் என் மாணவியின் நோட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. தண்ணீர் எடுப்பவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி எப்படி ஒரு ஒழுங்குக்கு வந்தார்கள் என்பதை ஆராய்ந்து 1965-ல் முனைவர் பட்டம் வாங்கினார். உள்ளூர்ச் சங்கங்கள், கூட்டக் குறிப்புகள், யார் யாரோடு பேசினார் என்ற விவரம், இவைதான் அவருக்கு மூலப்பொருள். நம் ஊரில் அதே கேள்விக்கு ஆயிரம் வருடப் பழைய சான்றே இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலையைப் பற்றி எல்லோரும் படிக்கிறோம். அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேர்ந்தெடுத்த ஊர்கள் இவை. இன்று ஒரு கண்மாயின் மடையை யார் திறப்பது, யார் அடைப்பது, மீன்பாசி குத்தகைப் பணம் எங்கே போகிறது என்று கேட்டு ஒரு மாணவர் ஆறு மாதம் ஆயக்கட்டுக்காரர்களோடு உட்கார்ந்தால், உலகமே படிக்க வேண்டிய ஆய்வு வரும். உட்காருவதற்கு அவருக்குச் சாப்பாட்டுக் காசு வேண்டும்.

சரி, உதவித்தொகை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. யாருக்கு எப்போது கிடைக்கிறது என்று பார்ப்போம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலை உதவித்தொகை ஆனால் 42,000. 2023 ஜனவரி 1 முதல் இந்தத் தொகை. அதோடு வீட்டு வாடகைப்படி. நம் துறை ஆய்வாளர்களுக்குச் சில்லறைச் செலவுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 10,000, அப்புறம் 20,500. நல்ல தொகை. கிடைத்தவர்களுக்குக் குடும்பமே நிமிர்கிறது. ஆனால் அதற்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் மிக மேலே வர வேண்டும். நெட் வினாத்தாள், மொழிப் பாடங்களைத் தவிர, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. பிளஸ் டூவிலிருந்து எம்.ஏ. வரை தமிழில் அரசியல் அறிவியல் படித்தவர், பிளேட்டோவையும் அம்பேத்கரையும் பெரியாரையும் தமிழிலேயே எழுதி முதல் வகுப்பு வாங்கியவர், மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகளை இன்னொரு மொழியில் படித்துப் புரிந்துகொண்டு பதில் போட வேண்டும். இந்தி பேசும் மாநிலத்து மாணவருக்கு அந்தச் சிரமம் இல்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமைக்கு நம் மாநிலம் 2010-லேயே சட்டம் போட்டது. ஆய்வுக்கு வரும்போது அந்த மாணவர் தனியாக நிற்கிறார்.

2024 ஜூன் 18-ல் நாடு முழுவதும் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெட் எழுதினார்கள். மறுநாளே ரத்து. மறுதேர்வு ஆகஸ்ட், செப்டம்பரில். என் பழைய மாணவர் ஒருவர் அந்தத் தேர்வுக்காக வேலையை விட்டிருந்தார். ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு இருப்பதால், பொதுப்பிரிவில் இருப்பவருக்கு முப்பது வயதுக்கு முன்னால் ஒவ்வொரு ஆறு மாதமும் ஒரு வாய்ப்பு.

நெட் இல்லாதவர்களுக்கான உதவித்தொகை மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, மாதம் 8,000 ரூபாய். புதுச்சேரியிலும் திருவாரூரிலும் படிப்பவர்களுக்கு அது தெரியும். 2015 அக்டோபரில் அதை நிறுத்தப்போவதாகச் சொன்னபோது டெல்லியில் மாணவர்கள் மானியக் குழு அலுவலகத்துக்கு முன்னால் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தொகை தப்பித்தது, உயரவில்லை. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதே வருடம் நவம்பரில் எம்.ஃபில். படிப்பே முடிவுக்கு வந்தது. எம்.ஃபிலில் ஒரு வருடம் சிறிய ஆய்வு ஒன்றைச் செய்து பார்த்து, தனக்கு இது வருமா என்று தெரிந்துகொண்டு முனைவர் பட்டத்துக்குப் போன தலைமுறை என்னுடையது. இப்போது அந்தப் படிக்கட்டு இல்லை. எம்.ஏ. ஆய்வேடுதான் முதல் படியும் கடைசிப் படியும். அதனால்தான் எம்.ஏ. அளவிலேயே களப்பணிக்குப் பணம் வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நம் மாநில அரசு முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகை என்று மாதம் 25,000 ரூபாய் தரத் தொடங்கியதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு வருடம் ஒரு லட்சம் கிடைப்பதால் படிப்பைத் தொடர்ந்தவர்களை எனக்கு நேரில் தெரியும். இவையெல்லாம் முனைவர் பட்டத்துக்குள் கால் வைத்த பிறகு வருபவை. வாசல் வரைக்கும் வந்து சேர வழியில்லாதவர்களைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

இதற்கிடையில் பணமே செலவில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. மானியக் குழு உதவித்தொகை மாதாமாதம் ஆய்வாளரின் கணக்கில் ஏற வேண்டுமென்றால், கல்வி நிறுவனத்தில் மேக்கர், செக்கர் (விவரம் பதிபவர், சரிபார்ப்பவர்) என்ற இரண்டு பேர் கனரா வங்கித் தளத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அவர்களில் ஒருவர் மாற்றலாகிப் போய், புதியவருக்குக் கடவுச்சொல் வாங்க இரண்டு மாதம் ஆனால், அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எல்லோருக்கும் இரண்டு மாதம் பணம் இல்லை. மெஸ் பில் கட்டவில்லை என்று விடுதிப் பலகையில் பெயர் ஒட்டப்பட்ட ஒரு ஆய்வாளர் என்னிடம் அழுதிருக்கிறார். அவருக்கு வர வேண்டிய உதவித்தொகை அப்போது நான்கு மாதம் பாக்கி. அய்யா, இதற்கு எந்த அமைச்சகத்தையும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் உறுதிப்படுத்த வேண்டும், ஆள் இல்லையென்றால் மாற்று ஆள் யார் என்று பதிவாளர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். இந்த மடலில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதையாவது இந்த வாரமே செய்யுங்கள்.

இனி நான் கேட்கும் தொடக்க நிதியைப் பற்றிச் சொல்கிறேன். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது, ஜூலை கடைசிக்குள், இரண்டு பக்கத் திட்டம் ஒன்றை மாணவர்கள் கொடுக்கட்டும். என்ன கேள்வி, எங்கே போகப்போகிறேன், யாரைப் பார்ப்பேன், என்ன செலவு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகளைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் எழுதலாம். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் பத்து வருடக் கேள்வி நேரத்தை எண்ண வேண்டும் என்று இன்னொருவர் எழுதலாம். சென்னையில் ஒரு வாரம் தங்க இடமில்லாமல் அந்த இரண்டையும் கைவிட்டவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். திட்டத்தைத் தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். இரண்டையும் ஒரே குழு படிக்க வேண்டும். தமிழுக்குத் தனிப் பரிசு என்று ஓரமாக ஒதுக்கிவிடாதீர்கள். 20 மாணவர்களுக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் என்றால் வருடம் ஒரு லட்சம். ஆகஸ்ட் 15-க்கு முன்னால் பணம் கையில் இருக்க வேண்டும். அந்தத் தேதியை நான் ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

பில் கேட்டுக் குடையாதீர்கள் என்றும் ஒரு வேண்டுகோள். ஷேர் ஆட்டோக்காரர் பில் தர மாட்டார். ஒரு பக்கச் செலவுக் கணக்கும், களக்குறிப்பு நோட்டும், கடைசியில் ஆய்வேடும் போதும். நோட்டைப் பார்த்தாலே போனாரா இல்லையா என்று எந்த வாத்தியாருக்கும் தெரிந்துவிடும்.

துறைக்குள் இதைப் பற்றிப் பேசியபோது எனக்குக் கிடைத்த எதிர்வாதத்தில் கனம் இருக்கிறது. மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுத்தால் சண்டை இல்லை, யார் கூடுதலாக வாங்கினார் என்பது தாளில் இருக்கிறது. நல்ல கேள்விக்குப் பணம் என்றால் யாருக்கு வேண்டியவர், எந்தச் சாதி, எந்த நெறியாளரின் பிள்ளை என்ற பேச்சு வந்துவிடும் என்று மூத்த சகா ஒருவர் சொன்னார். அவர் பயம் நியாயமானது. இத்தனை வருடத்தில் நாம் பார்க்காததா? என் பதில் இதுதான். திட்டத்தில் பெயர் வேண்டாம், கல்லூரிப் பெயரும் வேண்டாம், எண் மட்டும். மூன்று தேர்வாளர்களில் இரண்டு பேர் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வரட்டும். தேர்வான திட்டங்கள் எல்லாவற்றையும் வருடக் கடைசியில் பொதுவில் வையுங்கள். தேர்வாகாதவரும் படித்துப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் பேச்சு வரும். பேச்சு வருமே என்று பயந்து, கேள்வி கேட்கிற பிள்ளைகளுக்கு எதுவுமே கொடுக்காமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. பதக்கத்துக்குப் பணம் கொடுத்தால் மேடையில் உங்கள் பெயர் வாசிக்கப்படும், தொடக்க நிதிக்கு அந்த மேடை இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தில் சர்வதேச உறவுகளில் சிறந்த முனைவர் ஆய்வேட்டுக்கான விருது இப்போது மெர்ஸ் டேட் பெயரில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பட்டம் வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். 1950-ல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சாந்திநிகேதனுக்கு வந்து கற்பித்தவர். அந்த விருதை வாங்குகிற ஒவ்வொரு இளைஞரும் அவர் யார் என்று தேடிப் படிக்கிறார். உங்கள் அம்மாவின் பெயரிலோ, உங்களுக்குப் பள்ளியில் குடிமையியல் நடத்திய டீச்சரின் பெயரிலோ ஒரு களப்பணி நிதி வையுங்கள். அந்தப் பெயர் ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் வரியாக வரும்.

அந்த மாணவி இப்போது அதே ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “உங்ககிட்டயே இருக்கட்டும் சார், யாராவது மீதி அஞ்சு ஊருக்குப் போனா உதவும்” என்று சொல்லிவிட்டாள்.

அவள் போன ஊராட்சிகளில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. எங்கள் மாவட்டத்தையும் சேர்த்து 28 மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்கு வந்தன. இப்போதைய எம்.ஏ. வகுப்பில் நான்கு பேர் அந்த நோட்டை வாங்கிப் படித்தார்கள். தலைவரே இல்லாத கிராம சபையில் அந்த மேசைக்குப் பின்னால் யார் உட்காருகிறார்கள், முன்பு ஸ்டூலில் உட்கார்ந்த அந்த அம்மா இப்போது கூட்டத்துக்கு வருகிறாரா, வந்தால் எழுந்து பேசுகிறாரா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். எட்டு ஊர்களின் பட்டியலும் நோட்டில் இருக்கிறது. நான்கு பேர், ஆளுக்கு இரண்டு ஊர், இரண்டு கூட்ட நாட்கள். செலவுக் கணக்கு போட்டோம், மொத்தம் 11,600 ரூபாய். அடுத்த கிராம சபை ஜனவரி 26. உங்கள் பதிலை அதற்கு முன்னால் எதிர்பார்க்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
ஒரு அரசுக் கல்லூரி அரசியல் அறிவியல் ஆசிரியர்